ஸ்காட்லாந்தின் பழைய நிலக்கரிச் சுரங்கங்களும் அவற்றில் கட்டுண்டு உழைத்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்புரட்சி என்றதும் நீராவி எஞ்சினும் ஜேம்ஸ் வாட்டும் நினைவுக்கு வருகிறார்கள். அந்த எஞ்சின் தின்ற கரியை வெட்டியவர்களும் சுமந்தவர்களும் நினைவுக்கு வருவதில்லை. வாட் பிறந்த ஸ்காட்லாந்தில் கரி வெட்டுபவர்கள் சுமார் 200 ஆண்டுகள் சட்டப்படியே முதலாளியிடம் கட்டுண்டு கிடந்தார்கள். அவர்களுடைய பெண்களின் முதுகிலிருந்து சுமை இறங்க அதற்கு மேலும் 43 ஆண்டுகள் ஆயின. இந்த விஷயம் தெரிந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் நிலக்கரி எடுக்கத் தொடங்கியது எப்போது? யார் தொடங்கினார்கள்?

எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகள் கிறிஸ்தவத் துறவிகளைக் காட்டுகின்றன. எடின்பரோவுக்குப் பக்கத்தில் இருந்த நியூபாட்டில் மடத்துத் துறவிகளுக்கு, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஸ்டன்கிரேஞ்ச் பகுதியில் கரி எடுக்கும் உரிமையை ஒரு பிரபு எழுதிக் கொடுத்தார். 1291-இல் டன்ஃபர்ம்லின் மடத்துக்கும் அப்படி ஓர் உரிமை கிடைத்தது. அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது: சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

அப்போது சுரங்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எடின்பரோவுக்கு வடக்கே உள்ள ஃபோர்த் முகத்துவாரத்தின் இரு கரைகளிலும் கரிப் படுகை தரைமட்டம் வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கரை ஓரத்திலும் ஓடைச் சரிவிலும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் தோண்டினார்கள். தண்ணீர் ஊறி வந்தாலோ மேலே மண் சரிந்தாலோ அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு குழி.

விறகு இருக்கும்போது கரியை யார் வாங்கினார்கள்?

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் காடு குறைவு. 1435-இல் அங்கே போன இத்தாலியரான ஏனியாஸ் சில்வியஸ் (இவர் பிற்பாடு இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப் ஆனார்) ஒரு காட்சியைக் குறித்து வைத்திருக்கிறார். தேவாலய வாசலில் அரைகுறை ஆடையோடு பிச்சை கேட்டு நின்ற ஏழைகள், கொடுத்த கல்லை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு போனார்களாம். அந்தக் கல் நிலக்கரி.

ஆனால் கரியைப் பெரிய வியாபாரம் ஆக்கியது வீட்டு அடுப்பைவிட உப்புதான். அந்தக் குளிரில் நம் ஊர்ப் பாத்தி போல வெயிலில் உப்பு விளையாது. அகலமான இரும்புக் கொப்பரைகளில் கடல் நீரை ஊற்றி நாள் கணக்காகக் காய்ச்ச வேண்டும். ஒரு டன் உப்புக்குப் பல டன் கரி எரியும். பெரிய கட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டு, விலை போகாத தூள் கரியைக் கொப்பரைக்கு அடியில் போட்டார்கள். அதனால் சுரங்க முதலாளியே உப்பு முதலாளியாகவும் இருந்தார். பிரெஸ்டன்பான்ஸ் என்ற ஊருக்குப் பெயர் வந்ததே இந்தக் கொப்பரைகளால்தான் (ஆங்கிலத்தில் 'பான்' என்றால் கொப்பரை). பின்னால் வந்த கொடுமையான சட்டங்கள் எல்லாவற்றிலும் கரித் தொழிலாளியும் உப்புத் தொழிலாளியும் சேர்ந்தே வருவதற்கும் இதுதான் காரணம்.

கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். ஃபோர்த் முகத்துவாரத்தின் வடகரையான ஃபைஃப் பகுதியில் உள்ள கூரஸ் என்ற சிற்றூரில், முன்பு துறவிகள் வைத்திருந்த சுரங்கத்தை 1575-இல் ஜார்ஜ் புரூஸ் குத்தகைக்கு எடுத்தார். பழைய குழியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. புரூஸ் ஒரு சங்கிலியில் 36 வாளிகளைக் கோத்து, குதிரைகளைக் கொண்டு சுற்றவைத்து, இரவும் பகலும் தண்ணீரை இறைத்தார். கரிப் படுகை கடலுக்கு அடியில் இறங்கிப் போனது. புரூஸும் விடாமல் அதன் பின்னாலேயே போனார்.

இதற்காக அவர் செய்த ஒரு வேலை அந்தக் காலத்துக்கு மிகப் பெரிது. கடல் வற்றும் நேரத்தில் தெரியும் இடத்தில், கல்லாலும் களிமண்ணாலும் வட்டமாக ஒரு சுவர் எழுப்பி, அதற்குள்ளிருந்து நேராகக் கீழே குழி இறக்கினார். கடல் ஏறியதும் அந்த வட்டம் மட்டும் தண்ணீருக்கு நடுவே குட்டித் தீவாக நிற்கும். கப்பல் அங்கேயே வந்து நின்று கரியை ஏற்றிக்கொண்டு போகும்.

1617-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் பார்க்க வந்தார். கரையில் இறங்கி, சுரங்கத்துக்குள்ளேயே நடந்து, கடல் நடுவே இருந்த குழி வழியாக மேலே வந்தார். சுற்றிலும் தண்ணீரைப் பார்த்ததும் தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று பயந்து "துரோகம்!" என்று கத்திவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1625-இல் வந்த பெரும் புயலில் அந்தச் சுவர் உடைந்து, கடல் உள்ளே புகுந்து, சுரங்கம் மூழ்கியது.

புரூஸின் பொறியியல் திறமையைப் பாராட்டாத வரலாற்று நூல் கிடையாது. எனக்கும் அதில் வியப்பு உண்டு. ஆனால் மன்னர் வந்து போனதற்கு 11 ஆண்டுகள் முன்பே, அதே மன்னரின் ஆட்சியில், கரித் தொழிலாளிகளைக் கட்டிப்போடும் சட்டம் வந்துவிட்டது. கூரஸ் கதையைப் படிக்கும்போது அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது?

1606 ஜூலையில் பெர்த் நகரில் கூடிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. கரி வெட்டுபவர், கரி சுமப்பவர், உப்புக் காய்ச்சுபவர் யாராக இருந்தாலும், பழைய முதலாளி எழுதிக் கொடுத்த சான்று இல்லாமல் வேறு யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. அப்படிப் போனவரை ஓர் ஆண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் பழைய முதலாளி கேட்டால், 24 மணி நேரத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். மறுத்தால் புது முதலாளிக்கு 100 பவுண்டு அபராதம். போன தொழிலாளி திருடனாகக் கருதப்படுவான். தன் உழைப்பையே முதலாளியிடமிருந்து திருடிக்கொண்டு போனவன் என்பது இதன் பொருள். தண்டனை உடம்பில் விழும்.

இன்னொரு பிரிவு, வேலையில்லாமல் திரிபவர்களையும் திடகாத்திரமான பிச்சைக்காரர்களையும் பிடித்துச் சுரங்கத்தில் போட முதலாளிகளுக்கு அதிகாரம் தந்தது. 1641-இல் தண்ணீர் இறைப்பவர், சுமை தூக்கும் உருளையைச் சுற்றுபவர் போன்ற மற்றவர்களையும் வளைத்துப் போட்டார்கள். பண்டிகை நாட்களில் வேலைக்கு வராமல் குடித்துக் கூத்தடிக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்தே ஆக வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. 1661-இல் இவற்றையெல்லாம் மீண்டும் உறுதி செய்தார்கள்.

இது பழைய பண்ணையடிமை முறையின் மிச்சம்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், தவறு. நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையடிமை முறை ஸ்காட்லாந்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. அது போய் 200 ஆண்டுகளுக்குப் பிறகு, கரிக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில், புதிதாக உருவாக்கப்பட்ட கட்டு இது. கரிக்கு ஏற்றுமதிச் சந்தை இருந்தது. இருட்டுக்குள் இறங்கி வெட்டத் தெரிந்த ஆள் குறைவு. ஆள் குறைவாக இருந்தால் கூலி ஏறும். ஒரு முதலாளியின் ஆளை இன்னொருவர் கூடுதல் பணம் காட்டி இழுப்பார். அதைத் தடுக்க வேண்டியிருந்தது. நிலமும் அதன் அடியில் இருந்த கரியும் யாருடையதோ அவர்களே நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். தங்களுக்குள் இருந்த போட்டிக்குத் தொழிலாளியின் காலில் விலங்கு பூட்டித் தீர்வு கண்டார்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய காலத்து மிச்சம் என்று சொன்னால், காலப்போக்கில் தானாக உதிர்ந்திருக்கும் என்ற எண்ணம் வந்துவிடும். இது தெரிந்தே செய்த ஏற்பாடு. அதை ஒழிக்கவும் இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டன.

அவர்களை அடிமைகள் என்று சொல்லலாமா?

வரலாற்றாசிரியர்களுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கரி வெட்டுபவர் கூலி வாங்கினார். அது பல இடங்களில் பண்ணைத் தொழிலாளியின் கூலியைவிட அதிகம். அவர் சொத்து வைத்துக்கொள்ளலாம், திருமணம் செய்யலாம், நீதிமன்றம் போகலாம். திறமையான ஆள் கிடைப்பது அரிது என்பதால் சில நேரம் பேரம் பேசவும் முடிந்தது. அமெரிக்கத் தோட்டத்தில் விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்கரின் நிலையோடு இதை ஒன்றாக வைக்க முடியாது.

ஆனால் சுரங்கத்தை விற்றால் அவரும் சேர்ந்தே புது முதலாளிக்குக் கைமாறினார். காரணமில்லாமல் சிறை வைப்பதிலிருந்து குடிமக்களைக் காக்க 1701-இல் ஒரு சட்டம் வந்தபோது, கரித் தொழிலாளிகளுக்கும் உப்புத் தொழிலாளிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். கொத்தடிமை என்ற சொல் தமிழில் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. 1775-இல் இந்த முறையைத் தளர்த்திய சட்டமும் அதன் முகவுரையில், இவர்கள் அடிமைத்தனத்தில் அல்லது கட்டுண்ட நிலையில் இருக்கிறார்கள், ஆயுள் முழுக்கச் சுரங்கத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறார்கள், சுரங்கத்தோடு சேர்த்துக் கைமாற்றப்படக்கூடியவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆள்பவர்களே ஒப்புக்கொண்டதை நாம் மென்மையாக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறக்கும்போதே குழந்தையும் கட்டுண்டதா?

சட்டத்தின் எழுத்தில் அப்படி இல்லை. சுரங்கத்தில் இறங்கி ஓர் ஆண்டும் ஒரு நாளும் வேலை செய்தால்தான் கட்டு விழும். ஆனால் நடைமுறை வேறு. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் சமயத்தில் முதலாளி பெற்றோருக்கு ஒரு சிறு தொகையோ பரிசோ கொடுப்பார். மாடு வாங்கும்போது கொடுக்கும் அச்சாரம் போலத்தான்: வாங்கிக்கொண்டால், இந்தப் பிள்ளை வளர்ந்ததும் உங்கள் குழியில்தான் இறங்கும் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். வறுமையில் இருக்கும் அப்பா அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது கடினம். அதோடு, கரி சுமக்க வீட்டில் ஆள் வேண்டும் என்பதால் ஏழெட்டு வயதில் பிள்ளை குழிக்குள் இறங்கிவிடும். ஒரு வருடம் ஓடிவிடும்.

கழுத்தில் பித்தளை வளையம் மாட்டியிருந்தார்கள் என்று படித்தேனே?

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு வளையம் இருக்கிறது. ஃபோர்த் ஆற்றிலிருந்து கிடைத்தது. அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்பவர் 1701 டிசம்பர் 5 அன்று பெர்த்தில் திருட்டுக்காக மரண தண்டனை பெற்றார் என்றும், ஆல்வா ஊர் சர் ஜான் எர்ஸ்கினுக்கு நிரந்தரப் பணியாளாக 'அன்பளிப்பாக' வழங்கப்பட்டார் என்றும் அதில் பொறித்திருக்கிறது.

அவர் தண்டனைக் கைதி. சாதாரணக் கரித் தொழிலாளிகள் எல்லோரும் வளையம் மாட்டித் திரிந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பகிரப்படும் பல படங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், நம்ப வேண்டாம். வளையம் இல்லாமலேயே அவர்களைப் பிடித்து வைக்கச் சட்டம் போதுமானதாக இருந்தது.

யாரும் ஓடிப் போகவில்லையா?

நிறையப் பேர் ஓடினார்கள். எல்லை தாண்டி நியூகாசில் பக்கம் போய்விட்டால் ஸ்காட்லாந்துச் சட்டம் கை நீட்ட முடியாது. உள்நாட்டிலேயே வேறு சுரங்கத்தில் ஒளிந்து ஓர் ஆண்டும் ஒரு நாளும் கடத்திவிட்டால் பழைய முதலாளி உரிமை கோர முடியாது. ஆள் பற்றாக்குறையில் தவித்த வேறு முதலாளிகள் இதற்கு உடந்தையாகவும் இருந்தார்கள். ஓடியவரைத் தேடிச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பதும் 18-ஆம் நூற்றாண்டில் வழக்கமாக இருந்தது.

ஓடாதவர்களும் சும்மா இருக்கவில்லை. ரகசியமாகச் சத்தியம் செய்து 'சகோதரர்' ஆகி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வெட்டுவது என்று தங்களுக்குள் அளவு வைத்துக்கொண்டார்கள்.

குழிக்குள் வேலை எப்படி நடந்தது?

கரி வெட்டுபவர் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, கூர்மையான பிக்காசால் கரிப் படுகையின் அடிப்பக்கத்தைக் குடைவார். அடி குடைந்ததும் மேலே ஆப்பு அடித்துப் பாளம் பாளமாக விழவைப்பார். கூரை இறங்காமல் இருக்க, இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவிட்டு மீதியை அறை அறையாக வெட்டி எடுப்பார்கள். கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு கரி இப்படித் தூணாகவே உள்ளே நின்றுவிடுவதும் உண்டு. வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி அல்லது சிறு எண்ணெய் விளக்கு.

தண்ணீர்தான் பெரிய எதிரி. வசதி உள்ள இடங்களில், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து நீண்ட வடிகால் குடைந்து தண்ணீரைத் தானாக வெளியேற்றினார்கள். 1719-இல் அயர்ஷயரின் ஸ்டீவன்ஸ்டன் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நியூகோமன் வகை நீராவி எஞ்சின் வந்தது. அதன் பிறகு ஆழமாக இறங்க முடிந்தது. 1722-இல் ட்ரானென்ட் சுரங்கங்களிலிருந்து காக்கென்சி துறைமுகத்துக்கு மரத் தண்டவாளம் போட்டார்கள். ஸ்காட்லாந்தின் முதல் தண்டவாளப் பாதை அது. 1745-இல் அரசுப் படைக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடந்த பிரெஸ்டன்பான்ஸ் போர் அதைச் சுற்றித்தான் நடந்தது.

ஆக, மேலே எஞ்சினும் தண்டவாளமும் வந்தாயிற்று. கீழே வெட்டிய கரி எப்படி மேலே வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

எப்படி வந்தது?

கிழக்கு ஸ்காட்லாந்தில், அதாவது லோதியன், ஃபைஃப், கிளாக்மனன் பகுதிகளில், பெண்களின் முதுகில் வந்தது.

ஆலோவாவைச் சேர்ந்த சுரங்கப் பொறியாளர் ராபர்ட் பால்ட், 1808-இல் இதை நேரில் பார்த்து எழுதி அம்பலப்படுத்தினார். அவர் சொல்லும் ஒரு நாள் இப்படிப் போகிறது. கணவன் நள்ளிரவை ஒட்டியே இறங்கிக் கரி வெட்டி வைத்திருப்பான். சில மணி நேரம் கழித்து மனைவி கைக்குழந்தையை ஒரு கிழவியிடம் விட்டுவிட்டு, மூத்த மகள்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவாள். கிழவி ஒரே நேரத்தில் மூன்று நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். பாலுக்கு அழுதால் தண்ணீர் கலந்த பீரோ விஸ்கியோ ஊட்டுவாள். கீழே கூடையை இறக்கி வைத்து, இரண்டு பேர் சேர்ந்து கரிப் பாளங்களைத் தூக்கி அவள் முதுகில் ஏற்றுவார்கள். முதுகுக்கு ஏற்ற வளைவும் கழுத்துப் பக்கம் தட்டையுமாக இருக்கும் அந்தக் கூடையின் பட்டை நெற்றியில் மாட்டியிருக்கும். அம்மா முன்னால் போவாள், எரியும் மெழுகுவர்த்தியைப் பல்லில் கடித்தபடி. மகள்கள் பின்னால். அப்படியே குனிந்து படி ஏற வேண்டும்.

பால்ட் பார்த்த ஒரு பெண் குறைந்தது 77 கிலோ சுமையோடு, சுரங்கத்துக்குள் 137 மீட்டர் சரிவில் ஏறி, பிறகு ஏறத்தாழ 36 மீட்டர் உயரத்துக்குப் படியேறி, மேலே இன்னும் 18 மீட்டர் நடந்து கரியைக் கொட்டினாள். ஒரு நாளில் இப்படி 24 முறை. கூட்டிப் பார்த்தால் 1,800 கிலோவுக்கு மேல். படியில் மட்டும் 850 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு நடையும் சுமையோடு. சுமை தாங்காமல் அழுதுகொண்டே மேலே வரும் பெண்களையும் அவர் பார்த்திருக்கிறார்.

இந்தப் பெண்ணுக்குத் தனிக் கூலி கிடையாது. மேலே வந்து சேர்ந்த கரிக்குத்தான் பணம். அது கணவன் கணக்கிலோ அப்பா கணக்கிலோ எழுதப்படும். பெண் துணை இல்லாத ஆண், வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வான். அப்படி வந்தவள் நிலை இன்னும் மோசம்; அவளை எவ்வளவு விரட்டினால் அவ்வளவு அவனுக்கு லாபம்.

குதிரை வைத்து இழுத்திருக்கலாமே?

இழுத்திருக்கலாம்; மேற்கு ஸ்காட்லாந்தின் பல சுரங்கங்களில் அப்படித்தான் செய்தார்கள். லேனார்க்ஷயரிலும் கிளாஸ்கோவைச் சுற்றியும் பெண் சுமப்பது முன்பே பெரும்பாலும் நின்றுபோனது. குதிரை போக வேண்டுமானால் பாதையை உயரமாகவும் அகலமாகவும் வெட்ட வேண்டும், தண்டவாளம் போட வேண்டும், மேலே இழுக்க எந்திரம் வேண்டும். அந்தச் செலவு முதலாளியுடையது. பெண் சுமந்தால் செலவு தொழிலாளி குடும்பத்தினுடையது. மிகத் தாழ்வான வழிகளில் குதிரையால் போக முடியாது. சிறுமியால் ஊர்ந்து போக முடியும். வழக்கம், பாரம்பரியம் என்று எத்தனை காரணம் சொன்னாலும், கிழக்கில் இது இவ்வளவு நாள் நீடித்ததற்கு இந்தக் கணக்கு முக்கியமான காரணம்.

1775-இல் விடுதலை கிடைத்தது என்கிறார்களே?

பாதிதான் கிடைத்தது. 1759-இல் தொடங்கிய காரன் இரும்பாலை போன்றவை வந்த பிறகு கரித் தேவை வேகமாக ஏறியது. சுரங்கத்துக்குப் போனால் ஆயுளுக்கும் மாட்டிக்கொள்வோம் என்று வெளியாட்கள் யாரும் வர மறுத்தார்கள். கூலியைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த கட்டு, இப்போது ஆள் வராமல் தடுத்துக் கூலியை ஏற்றிவிட்டது. சுதந்திர நாட்டுக்கு இது இழுக்கு என்றும் 1775 சட்டத்தின் முகவுரையில் எழுதினார்கள். அந்த உணர்வு சிலருக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஆள் தேவை இல்லாவிட்டால் அந்தச் சட்டம் அப்போது வந்திருக்காது என்பது என் கருத்து.

1775 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாக வருபவர்களுக்குக் கட்டு இல்லை. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வயதுவாரியாகத் தவணை: 21 வயதுக்குக் கீழே என்றால் 7 ஆண்டு, 21 முதல் 35 வரை 10 ஆண்டு, 35 முதல் 45 வரை 7 ஆண்டு, அதற்கு மேலே 3 ஆண்டு. நல்ல உழைப்பு வயதில் இருப்பவருக்குத்தான் நீண்ட தவணை; அவர் ஒரு பயிற்சியாளையும் உருவாக்கித் தர வேண்டும். தவணை முடிந்தாலும் விடுதலை தானாக வராது. உள்ளூர் வழக்குகளை விசாரிக்கும் ஷெரிஃப் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, கையில் காசு இல்லாத பலரால் அது முடியவில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணக் கடன் வேறு கழுத்தைப் பிடித்தது.

ஸ்காட்லாந்தில் அடிமை முறையே செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது அதே காலத்தில்தானே?

ஆம். 1778-இல். ஜமைக்காவிலிருந்து பெர்த்ஷயருக்குக் கொண்டுவரப்பட்ட ஜோசப் நைட் என்ற ஆப்பிரிக்கர், தன்னை வைத்திருந்த ஜான் வெடர்பர்ன் மீது தொடுத்த வழக்கில், கருப்பின அடிமை முறையை ஸ்காட்லாந்துச் சட்டம் ஏற்காது என்று நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருமைக்குரிய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் லோதியன் குழிகளில் தவணை முடியாத ஆயிரக்கணக்கான ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டுண்டே இருந்தார்கள்.

இதைவிட எனக்கு மனதில் நிற்பது, அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு ஃபைஃப் பகுதியில் நடந்த ஒன்று. கிரெனடாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டேவிட் ஸ்பென்ஸ், வீம்ஸ் ஊர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, இனி நான் யாருக்கும் அடிமை இல்லை என்று அறிவித்தார். வழக்கு வந்தது. செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்களில் அந்தப் பக்கத்துக் கரித் தொழிலாளிகளும் உப்புத் தொழிலாளிகளும் இருந்தார்கள். தாங்களே சட்டப்படி கட்டுண்டு கிடந்தவர்கள் அவர்கள். தீர்ப்பு வருவதற்குள் அவருடைய எஜமானர் இறந்துவிட்டதால் ஸ்பென்ஸ் விடுபட்டார்.

முழு விடுதலை எப்போது?

1799-இல். அந்த ஆண்டுச் சட்டம் வயது, தவணை, நீதிமன்றம் எதுவும் இல்லாமல் எல்லோரையும் ஒரே நாளில் விடுவித்தது. முதல் வரைவில் கூலியை நிர்ணயிக்கவும் தொழிலாளிகள் ஒன்றுகூடுவதைத் தடுக்கவும் விதிகளைச் சேர்க்கப் பார்த்தார்கள். லேனார்க்ஷயர் தொழிலாளிகள் தங்களுக்குள் பணம் போட்டு, வழக்கறிஞர் வைத்து, மனுக் கொடுத்து எதிர்த்தார்கள். விடுதலையை யாரோ மேலிருந்து இரக்கப்பட்டுக் கொடுத்ததாக எழுதுபவர்கள் இந்த மனுவை விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் பெண்களும் அன்றே விடுதலை ஆனார்களா?

காகிதத்தில் ஆனார்கள். அடுத்த நாள் காலையிலும் அதே கூடை, அதே நெற்றிப்பட்டை, அதே படி. பால்ட் பார்த்து எழுதியது விடுதலைக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து என்பதைக் கவனியுங்கள்.

1840-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழந்தைத் தொழிலாளர் விசாரணைக் குழு, 1842-இல் சுரங்க அறிக்கையை வெளியிட்டது. கிழக்கு ஸ்காட்லாந்தில் ஃபிராங்க்ஸ் என்ற துணை ஆணையர் குழி குழியாகப் போய்ப் பெண்களையும் சிறுமிகளையும் பேசவைத்து எழுதினார். எடின்பரோவுக்குத் தெற்கே லோன்ஹெட் சுரங்கத்தில் ஒரு 11 வயதுச் சிறுமி: அப்பா விடியற்காலை 2 மணிக்குக் கூட்டிக்கொண்டு இறங்குவார், அடுத்த பிற்பகல் 1 அல்லது 2 மணிக்கு ஏறுவேன், நான்கு ஏணிகளில் சுமையோடு ஏற வேண்டும், 20 நடையில் ஐந்து தொட்டிகளை நிரப்புவேன், சொன்னபடி செய்யாவிட்டால் வாரடி விழும். அவள் சொன்ன அளவை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நடைக்கு ஏறத்தாழ 54 கிலோ. எட்மன்ஸ்டனில் ஒரு 12 வயதுச் சிறுமி, கெண்டைக்கால் வரை தண்ணீரில் குனிந்தும் ஊர்ந்தும் 60 கிலோவுக்கு மேல் சுமந்தாள்.

அறிக்கையில் படங்களும் இருந்தன. படம் பார்த்த லண்டன் கொதித்தது. தொழிலாளர் நலனுக்காகப் பேசிவந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஆஷ்லி பிரபு கொண்டுவந்த சட்டம், பிரபுக்கள் சபையில் சுரங்க முதலாளிகள் எதிர்த்தும், 1842 ஆகஸ்ட் 10 அன்று நிறைவேறியது. பெண்களும் 10 வயதுக்குக் கீழான சிறுவர்களும் நிலத்துக்கு அடியில் வேலை செய்யக் கூடாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாற்று வேலையோ இழப்பீடோ எதையும் அந்தச் சட்டம் தரவில்லை. விதவைகளும் தனித்து வாழ்ந்தவர்களும் பிழைப்பை இழந்தார்கள். சிலர் ஆண் உடையில் மீண்டும் குழிக்குள் போனார்கள். தடை சரியானதுதான். அதன் விலையையும் அந்தப் பெண்களே கட்டினார்கள்.

நோய்கள்?

கரி தூள் படிந்து இருமலில் கறுப்பாகச் சளி வருவது எல்லா ஊரிலும் இருந்தது. எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் கிரெகரி, இறந்த ஒரு கரித் தொழிலாளியின் நுரையீரல் முழுக்கக் கறுத்திருந்ததை 1831-இல் விவரித்து, அதற்குச் சுவாசித்த கரித் தூள்தான் காரணம் என்று எழுதினார். காற்றோட்டம் இல்லாத ஆழமற்ற குழிகளில், விளக்கை அணைத்து மூச்சை அடைக்கும் காற்று இன்னோர் ஆபத்து.

பிற்பாடு இவர்களுக்குத் தலைவர்கள் யார்?

எட்டு வயதில் குழிக்குள் இறங்கிய லேனார்க்ஷயர்க்காரர் அலெக்சாண்டர் மெக்டொனால்ட், சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து, தொழிற்சங்கத் தலைவராகி, 1874-இல் நாடாளுமன்றம் போனார். தொழிலாளர் வர்க்கத்திலிருந்து அங்கே போன முதல் இருவரில் ஒருவர் அவர். பத்து வயதில் சுரங்கக் கதவு திறந்து மூடும் வேலைக்குப் போன கீர் ஹார்டி, 1892-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1863-இல் ஃபால்கர்க் அருகே ரெடிங்கில் தொடங்கிய 'சுதந்திரக் கரித் தொழிலாளர்' சங்கத்தினர் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர்வலம் போகும் வழக்கம் நிலைத்தது.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

எடின்பரோவிலிருந்து எளிதாகப் போகக்கூடிய நியூடன்கிரேஞ்சில், 1981-இல் மூடப்பட்ட லேடி விக்டோரியா சுரங்கம் இப்போது ஸ்காட்லாந்தின் தேசியச் சுரங்க அருங்காட்சியகம். துறவிகள் கரி எடுத்த பிரெஸ்டன்கிரேஞ்சிலும் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. கூரஸில் புரூஸ் கட்டிய மாளிகை மஞ்சள் சுவரோடு நிற்கிறது. கடல் வற்றும் நேரத்தில் போனால் அவருடைய வட்டச் சுவரின் எச்சமும் தெரியும்.

பயணம் போக முடியாதவர்களுக்கு: பழைய ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சட்டங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, 1606 சட்டம் சிறியதுதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். 1842 அறிக்கையின் வாக்குமூலங்களையும் பலர் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். அறிக்கையின் முன்னுரையில் தொடங்காமல், நேராகக் கிழக்கு ஸ்காட்லாந்துப் பகுதிக்குப் போய்ச் சிறுமிகள் பேசியதை முதலில் படியுங்கள்.